சமூக ஊடகமும் வேலைவாய்ப்பும் நற்பெயரும்

முன்னுரை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவிக்குள் உலகமே வந்துவிட்ட காலம் இது. பாட்டுக் கேட்கவும், படம் பார்க்கவும், தோழியரோடு பேசவும் கைப்பேசியை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் நாளை நாம் படிப்பை முடித்து வேலை தேடும்போது, இதே கருவியின் வழியாகத்தான் நம்மை அறியாத பலர் நம்மை அறிந்துகொள்ளப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

இதைப்பற்றி நம் வீடுகளில் இருவகைக் கருத்துகள் உண்டு. "பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்? பெயரும் போட்டோவும் வெளியே போகவே கூடாது" என்பது ஒன்று. "எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போட்டால் என்ன?" என்பது மற்றொன்று. முதல் கருத்துக்குப் பின்னால் பெற்றோரின் உண்மையான அச்சம் இருக்கிறது. அதை நகைத்து ஒதுக்கலாகாது. இரண்டாவது கருத்தைச் சொல்பவர்களுக்கு அந்த அச்சமே இல்லை, அதுவும் நன்றன்று. கதவை அடைத்தே வைத்தால் வெளிச்சம் வராது. இரவும் பகலும் திறந்தே போட்டால் திருடன் வருவான். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நல்வழி உண்டு. நம் வேலை வெளியே பேசட்டும். நம் வீடு உள்ளேயே இருக்கட்டும். இந்த ஒரு கருத்தையே இக்கட்டுரையில் விரித்துக் காண்போம்.

அன்றும் இன்றும்

முன்பெல்லாம் வேலை தேடுவோர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருப்பார்கள். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1976 முதல் மத்திய அரசின் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ் வெளிவருகிறது. அந்த அலுவலகமும் அந்த இதழும் இன்றும் இருக்கின்றன. பதிவு செய்தவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கலாகாது.

இவற்றோடு மற்றொரு வழியும் அன்று இருந்தது. அதுதான் வாய்ச்சொல். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு பெண் நடந்து சென்றால், அவள் யார் வீட்டுப் பெண், எங்கே படிக்கிறாள், எப்படிப்பட்டவள் என்பதைத் திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். "நல்ல பெண், கணக்கில் கெட்டிக்காரி" என்று ஒருவர் சொன்ன சொல், தெப்பக்குளத்தருகே உள்ள ஒரு கடையில் அவளுக்குக் கணக்கெழுதும் வேலையைப் பெற்றுத் தரக்கூடும்.

இன்று அந்தத் திண்ணை இணையத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பேஸ்புக் 2004-லும், டுவிட்டர் 2006-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. டுவிட்டர் 2023-இல் எக்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. வேலைக்கென்றே அமைந்த லிங்க்டுஇன் என்னும் தளம் 2003 மே மாதத்தில் தொடங்கப்பெற்று, 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. திண்ணைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. திண்ணையில் நம்மைப்பற்றிப் பிறர் பேசினார்கள். இங்கே நம்மைப்பற்றி நாமே எழுதுகிறோம். மேலும், திண்ணைப் பேச்சு நாளடைவில் மறந்துபோகும். இங்கே எழுதியது எளிதில் மறைவதில்லை.

அறிமுகம் ஏன் வேண்டும்?

வேலை கிடைப்பதற்குத் திறமை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். திறமை இருப்பது பிறருக்குத் தெரிந்தாலன்றி அது பயன்படாது. 1973-ஆம் ஆண்டில் மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வேலைபற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகமானவர்கள் வழியாகவே மிகுதியாக வருகிறது என்பது அவர் கண்ட உண்மை. காரணம் எளியது. நம் வகுப்புத் தோழிக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்து இப்போது கோயம்புத்தூரில் பணிபுரியும் அக்காவுக்குத் தெரிந்தவை வேறு. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, லிங்க்டுஇன் தளத்தின் 2 கோடிப் பேரைப்பற்றிய விவரங்களைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தது. மிக நெருங்கிய உறவைவிட ஓரளவு தொலைவான அறிமுகமே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவியது என்று அதிலும் தெரியவந்தது.

இது நமக்கு முக்கியமான செய்தி. அப்பாவும் அம்மாவும் அலுவலகங்களில் பெரிய பதவி வகிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகங்கள் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. ஆனால் நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார், தாய் பூக்கட்டி விற்கிறார், அல்லது வயல் வேலைக்குச் செல்கிறார். "என் மகளுக்கு ஒரு வேலை பாருங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஓர் அதிகாரியைத் தெரியாது. அத்தகைய வீட்டுப் பெண்ணுக்குத்தான் சமூக ஊடகம் மிகவும் பயன்படும். ஆதலின் அவளை இதனின்று முற்றிலும் விலக்கி வைப்பது, இருக்கும் ஒரு கதவையும் அடைப்பதாகும்.

திருவானைக்காவல் தரும் சான்று

வேலை தானே பேசும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. சர் சி. வி. இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தின் 'பிலசாபிக்கல் மாகசின்' இதழில் அச்சாயிற்று. பிறகு அரசு நிதித்துறையில் அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்து, கண்டவற்றைத் தொடர்ந்து வெளியிட்டார். அவ்வெளியீடுகளின் வாயிலாக அவர் தகுதியை உணர்ந்த அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். 1917-இல் இராமன் அதிகச் சம்பளம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த சம்பளமுடைய அப்பதவியை ஏற்றார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தம்மைப் புகழ்ந்து எழுதவில்லை. தாம் செய்ததை ஒழுங்காக எழுதி, அறிந்தவர் கண்ணில் படும் இடத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

இதே வரலாற்றில் பெண்களாகிய நாம் அறியவேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இராமன் இருந்தபோது, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மையாகத் தேறிய கமலா பாக்வத் என்னும் பெண் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் இராமன் முதலில் மறுத்தார். கமலா விடவில்லை, காரணம் கேட்டு வாதாடினார். முடிவில் ஓராண்டு சோதனை அடிப்படையில் இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பைக் கண்டபின் முறையான மாணவியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் கமலா சோஹோனி என்னும் பெயரில் உயிர்வேதியியல் அறிஞராகப் புகழ்பெற்றார். அடைத்த கதவையும் திறக்கவல்லது செய்த வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எந்தத் தளம் எதற்கு?

எல்லாத் தளங்களும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல. கோயிலுக்கும் கடைவீதிக்கும் ஒரே விதமாக நாம் செல்வதில்லை அல்லவா? வாட்ஸ்அப் தெரிந்தவர்களோடு பேசுவதற்கு. இன்ஸ்டாகிராம் படங்களுக்கு; தையல், ஆரி வேலை, ஓவியம், சமையல் போன்ற கைத்தொழில் அறிந்தவர்கள் தம் வேலையைக் காட்ட அது உதவும். அலுவலக வேலை, ஆசிரியப்பணி, பொறியியல், மருத்துவமனைப் பணி முதலியவற்றை நாடுவோர்க்கு லிங்க்டுஇன் பொருத்தமானது.

வயது வரம்பையும் மதிக்க வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றுக்கு 13 வயதும், லிங்க்டுஇன் தளத்துக்கு 16 வயதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது அந்நிறுவனங்களின் விதி. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆகவே மேல்நிலை வகுப்பு மாணவியர், பெற்றோருக்குத் தெரிவித்து, அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு தம் பக்கத்தைத் தொடங்குவதே முறை. பிறந்த ஆண்டை மாற்றிக் கணக்குத் தொடங்குவது நற்பெயருக்கான முதற்படியிலேயே பொய்யை வைப்பதாகும்.

அரசின் தளங்களையும் மறந்துவிடக் கூடாது. மத்திய அரசின் 'நேஷனல் கேரியர் சர்வீஸ்' 2015 முதலும், தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் 2020 முதலும் செயல்படுகின்றன. இவற்றில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

தன்விவரம் எழுதும் முறை

தன்விவரப் பக்கம் என்பது எப்போதும் திறந்திருக்கும் ஒரு பயோடேட்டா. இதில் பலர் செய்யும் தவறு, பொதுவான புகழ்ச்சிச் சொற்களை அடுக்குவது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பி.காம். இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி, "நான் கடின உழைப்பாளி, எதையும் சாதிக்கும் ஆர்வமுடையவள்" என்று எழுதுகிறாள் என்று கொள்வோம். இதை யாரும் எழுதலாம். இதனால் அவளைப்பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அவளே, "பி.காம். மூன்றாம் ஆண்டு. டாலி கணக்குப் பதிவு பயின்றுள்ளேன். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு மளிகைக் கடையின் ஜி.எஸ்.டி. ரசீதுகளை மாதவாரியாகத் தொகுத்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுவேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு உடனே ஒரு வேலைக்காரியின் உருவம் கண்முன் தோன்றும்.

எழுதும்போது பின்வருவனவற்றை மனத்தில் கொள்வோம்.

1. முழுப்பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுக. செல்லப்பெயரும் சினிமாப் பட்டமும் வேண்டா. மின்னஞ்சல் முகவரியும் அவ்வாறே இருக்கட்டும்.

2. செய்ததை மட்டும் எழுதுக. மூவர் சேர்ந்து செய்த திட்டப்பணியை "நான் செய்தேன்" என்னாது "மூவர் சேர்ந்து செய்தோம், அதில் என் பங்கு இது" என்று எழுதுவது பெருமையே தவிரக் குறைவல்ல. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதைப்பற்றி வரலாம்.

3. எண்ணும் காலமும் தருக. எத்தனை மாதம், எத்தனை பேர், எந்தக் கருவி என்பன சொல்லுக்கு வலிவு தரும்.

4. என்.எஸ்.எஸ்., சாரணர் இயக்கம், மறைக்கல்வி வகுப்பு நடத்தியது, தெருவிலுள்ள சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது ஆகியவையும் அனுபவமே.

5. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று கணப்பொழுதில் கடிதம் எழுதித் தருகின்றன. பிழை திருத்த அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை இட்டுக்கட்டிய திறமையை நம் பெயரில் போட்டுக்கொள்வது பிறர் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பானது.

முன்பின் அறியாத ஒருவருக்குச் செய்தி அனுப்பும்போதும் முறை உண்டு. "ஹாய், வேலை இருக்கிறதா?" என்பது முறையன்று. நாம் யார், அவரை எவ்வாறு அறிந்தோம், என்ன கேட்கிறோம் என்பதை நாலைந்து வரிகளில் சொல்லி, "தங்கள் அனுபவத்திலிருந்து ஓர் ஆலோசனை தர இயலுமா?" என்று பணிவுடன் கேட்கலாம். விடை வந்தால் நன்றி தெரிவிக்க வேண்டும். வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டி அத்துடன் விட்டுவிட வேண்டும்.

எதைக் காட்டலாம், எதைக் காக்கலாம்?

வீட்டு முகவரி, கைப்பேசி எண், பிறந்த தேதி, ஆதார் எண், மதிப்பெண் பட்டியலின் முழுப்படம், தம்பி தங்கையரின் படம், தினமும் எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறோம் என்னும் செய்தி இவை யாவும் வீட்டுக்குள் இருக்க வேண்டியவை. வேலை தருபவர் நம்மை அடைய மின்னஞ்சல் ஒன்றே போதும். படிப்பு, பயிற்சி, செய்த வேலை, வேலையின் படம் ஆகியவை வெளியே செல்லலாம்.

முகப்படம் வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். வைப்பதானால் பள்ளி அடையாள அட்டைக்கு எடுப்பது போன்ற ஒரு தெளிவான படம் போதும். முகத்தைக் காட்டாமலே வேலையைக் காட்டவும் முடியும். ஆரி வேலை செய்யும் பெண், தான் தைத்த ரவிக்கையின் முன்பக்கம், பின்பக்கம், ஊசிவேலையின் நெருக்கமான படம், எத்தனை நாளில் முடித்தாள் என்னும் குறிப்பு ஆகியவற்றை வெளியிட்டால் வாங்குவோருக்கு அதுவே போதும். அஞ்சும் பெற்றோரிடம் இதை விளக்கிச் சொன்னால் அவர்களும் இணங்குவர்.

மறையாத எழுத்து

நாம் எழுதியதை அழித்துவிட்டால் போயிற்று என்று எண்ணலாகாது. அதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், சேர்க்கைக்குத் தேர்வு செய்திருந்த மாணவர்களில் குறைந்தது 10 பேரின் இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஒரு பேஸ்புக் குழுவில் பிறரை இழிவுசெய்யும் கேலிப்படங்களைப் பகிர்ந்ததே காரணம். அது பொதுமக்கள் காணக்கூடிய இடமன்று, தனிக்குழுதான். தனிக்குழு என்பதும் தனியறை அன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மற்றொன்று. 2021 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணிக்காக ஆலி ராபின்சன் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அதே நாளில், 2012, 2013-ஆம் ஆண்டுகளில் அவர் டுவிட்டரில் எழுதிய இனவெறிச் சொற்களும் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் வெளிவந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் அடுத்த ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பதினெட்டு பத்தொன்பது வயதில் விளையாட்டாக எழுதியது, வாழ்நாளின் மிகச் சிறந்த நாளில் எதிரே வந்து நின்றது.

இதனால் வாயே திறக்கக் கூடாது என்பது பொருளன்று. 2012 நவம்பரில் மகாராஷ்டிர மாநிலம் பால்கரில், ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப்பற்றிப் பேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு 'லைக்' இட்ட தோழியும் கைது செய்யப்பட்டனர். அவர்கள் எழுதியதில் இழிவு ஏதும் இல்லை. இதைக்கண்டு ஷ்ரேயா சிங்கல் என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 மார்ச் 24-ஆம் நாள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்துச் சொல்வது நம் உரிமை. ஆனால் கருத்து வேறு, வசை வேறு. கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, காலையில் படித்துப் பார்த்து, நம் தலைமையாசிரியரான சகோதரியும் நம் தாயாரும் படித்தாலும் நாணமாட்டோம் என்று தோன்றினால் வெளியிடலாம்.

வேலை என்னும் பெயரில் விரிக்கப்படும் வலை

இக்கட்டுரையில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 2022 செப்டம்பரில் நம் நாட்டு வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் விற்பனை அதிகாரி' வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களையும் முகவர்களையும் நம்பிச் சென்ற கணினி பயின்ற இளைஞர்கள், சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டனர். இணைய மோசடி செய்யும்படி வற்புறுத்தப்பட்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். மீட்கப்பட்ட 13 தமிழர்கள் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். படித்தவர்களே இவ்வாறு ஏமாந்தார்கள் என்றால், நம் ஊர் விமான நிலையத்திலிருந்து வெளிநாடு செல்லும் கனவோடு இருக்கும் ஒவ்வொருவரும் விழிப்பாக இருக்க வேண்டாமா? ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

உள்ளூரிலும் வலைகள் உண்டு. வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு 'லைக்' போட்டால் பணம் என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதலில் நூறு, இருநூறு உண்மையாகவே தருவார்கள். பின்னர் பெரிய தொகை பெற முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. பி.எச்.இ.எல்., ரயில்வே என்று பெரிய பெயர்களைச் சொல்லிப் போலி நியமனக் கடிதம் அனுப்புவோரும் உண்டு.

இவற்றை அறிந்துகொள்ளச் சில அடையாளங்கள்:

1. வேலை தர நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையன்று. பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், சீருடைக் கட்டணம் என்று எப்பெயரிட்டாலும் அது பணமே.

2. அரசு நிறுவனங்களின் அறிவிப்பு அவற்றின் சொந்த இணையதளத்தில் இருக்கும். அங்கே இல்லாதது வாட்ஸ்அப்பில் மட்டும் வந்தால் நம்பலாகாது.

3. தேர்வோ நேர்முகமோ இல்லாமல், "இன்றே சேர வேண்டும்" என்று அவசரப்படுத்துவது ஐயத்துக்குரியது.

4. ஓடிபி எண்ணையோ வங்கிக் கடவுச்சொல்லையோ எந்த நல்ல நிறுவனமும் கேட்பதில்லை.

5. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் பெறக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு, ரூ. 30,000-மும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரை அங்கேயே மறுத்துவிட வேண்டும்.

6. நேர்முகத்துக்கு அழைத்தால் இடம், நேரம், அழைத்தவர் பெயர் ஆகியவற்றை வீட்டில் எழுதி வைத்துவிட்டு, துணையோடு செல்ல வேண்டும். விடுதி அறைக்கோ தனி வீட்டுக்கோ அழைத்தால் செல்லவே கூடாது.

துன்பம் நேர்ந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தும் ஒருவர் நம் படத்தை எடுத்துத் திரித்து வெளியிடலாம். நம் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கலாம். அப்போது பெரும்பாலான பெண்கள் செய்வது அழுதுகொண்டு மறைப்பது. "வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயம் அவர்களை ஊமையாக்குகிறது. அந்தப் பயத்தை நம்பித்தான் குற்றவாளி மேலும் மிரட்டுகிறான். வெட்கப்பட வேண்டியவன் அவன்; நாமல்ல. பெற்றோரே, தங்கள் மகள் இப்படி ஒரு செய்தியோடு வந்தால் முதலில் அவள் தலையைத் தடவிக்கொடுங்கள். கைப்பேசியைப் பிடுங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். அவள் உங்களிடம் வந்ததே பாதி வெற்றி.

செய்ய வேண்டியவை இவை. செய்திகளையும் எண்களையும் அழிக்காமல் படமெடுத்து வைக்க வேண்டும். மிரட்டுபவனுக்குப் பணமோ வேறு படமோ அனுப்பக் கூடாது. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930. பணம் பறிபோனால் எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. மகளிருக்கு 181, சிறார்க்கு 1098. திருச்சியிலும் சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து நீக்க 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை உதவுகிறது. பிறர் அடையாளத்தைத் திருடுவதும் (66சி பிரிவு), ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் (66டி பிரிவு) தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

பிறர் பெயரும் நம் பொறுப்பே

நம் பெயரைக் காப்பது போலவே பிறர் பெயரையும் காப்பது நம் கடமை. பத்துக் கட்டளைகளில் எட்டாவது, பொய்ச்சாட்சியை விலக்குகிறது. ஒரு தோழியைப்பற்றி வந்த வதந்தியை ஆராயாமல் அடுத்த குழுவுக்கு அனுப்புவதும் பொய்ச்சாட்சியே. நம் விரல் ஒரு நொடியில் செய்ததை அவள் பல ஆண்டுகள் சுமக்க நேரலாம்.

திருச்சபை இக்கருவிகளை வெறுக்கவில்லை. 1967 முதல் உலக சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்படுகிறது. 2013-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்நாளுக்கான செய்தியைச் சமூக வலைத்தளங்களைப் பற்றியே அமைத்தார். 1991-இல் பிறந்து 2006-இல் 15 வயதிலேயே இரத்தப் புற்றுநோயால் மறைந்த கார்லோ அக்குதிஸ், கணினி அறிவைக்கொண்டு நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். நம் வயதொத்த ஒருவர் இதே கருவியைக் கொண்டு நற்பணி செய்து பீடத்தில் உயர்ந்திருக்கிறார். கருவியில் குற்றமில்லை, கையாளும் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

முடிவுரை

காவிரியில் வெள்ளம் வரும் என்று அஞ்சி நம் முன்னோர் கரையை விட்டு ஓடிவிடவில்லை. கல்லணை கட்டி, வாய்க்கால் வெட்டி, வயலுக்குப் பாய்ச்சினார்கள். சமூக ஊடகமும் அவ்வாறே. அதைக் கண்டு ஓடவும் வேண்டா. அதில் அடித்துச் செல்லப்படவும் வேண்டா. செய்ததை உண்மையாகச் சொல்வோம், சொல்லக்கூடாததைக் காப்போம், பணம் கேட்பவனைப் பார்த்து ஒதுங்குவோம், துன்பம் வந்தால் மறைக்காமல் பேசுவோம். படிப்பை முடித்து ஒரு பெண் தன் உழைப்பால் முதல் மாதச் சம்பளத்தைத் தாயின் கையில் வைக்கும் அந்த நாளுக்கு, இன்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் வழிகாட்டட்டும்.

சிந்தித்து விடை காண்க

1. உங்கள் தன்விவரத்தை ஐந்து வரிகளில், புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லாமல் எழுதுக.

2. உங்கள் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தவற்றுள் எவை வெளியே இருக்கலாம், எவை உள்ளே இருக்க வேண்டும்?

3. "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவருக்குப் பணிவோடு நீங்கள் கூறும் விடை யாது?

4. உங்கள் வாட்ஸ்அப்பில் அண்மையில் வந்த ஒரு வேலை விளம்பரத்தை மேற்கூறிய ஆறு அடையாளங்களைக் கொண்டு சோதித்துப் பெற்றோரிடம் விளக்குக.